உதடு போனால் பல் கூசும்

தமிழ்ச் செய்திகளில் சீனாவையும் வடகொரியாவையும் பற்றி எழுதும்போதெல்லாம் 'நகமும் சதையும் போல நெருங்கிய நாடுகள்' என்று போட்டுவிடுகிறார்கள். சீனர்கள் சொல்வது அதுவல்ல. 'ச்சுன் வாங் ச்சி ஹான்' என்பதே அவர்கள் தொடர். ச்சுன் உதடு, வாங் இல்லாமல் போதல், ச்சி பல், ஹான் குளிர்.

பொ.ஆ.மு. 655இலேயே இது பழமொழி. 'சுவோ சுவான்' என்ற பழைய வரலாற்று நூலில் வருகிறது. குவோ நாட்டைத் தாக்க, யூ என்ற சிறுநாட்டின் வழியே போக ஜின் நாடு இசைவு கேட்டது. முன்பே நல்ல குதிரைகளையும் பச்சைக்கல் அணியையும் கொடுத்து ஒருமுறை வழி வாங்கியிருந்தது. இந்த முறை யூ நாட்டு அமைச்சர் கோங் ஜிச்சி தடுத்தார். குவோ உதடு, நாம் பல் என்றார். 'ஜின் அரசர் நம் குலத்தவராயிற்றே, நமக்கா கேடு செய்வார்?' என்றார் யூ மன்னர். ஜின் அரசர் தம் பங்காளிகளையே அழித்தவர் என்று அமைச்சர் எடுத்துச் சொல்லியும் மன்னர் கேட்கவில்லை. குவோவை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஜின் படை யூவையும் பிடித்துக்கொண்டது.

ஆக, உறவை நம்பிய மன்னரிடம், அதை நம்பாதே என்று எச்சரிக்கும்போது சொன்ன தொடர் இது. அதைக் கொண்டுபோய் நகமும் சதையும் ஆக்கினால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. நகமும் சதையும் என்றால் நமக்குப் பாசம், பிரியாத நட்பு. உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே பாசம் ஏது? பல்லுக்கு உதடு ஒரு காப்பு. கொரியப் போரின்போது, 1950 அக்டோபரில் சீனப் படை கொரியாவுக்குள் நுழைந்தபோது இந்தத் தொடர்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. வடகொரியா விழுந்தால் அடுத்தது நம் எல்லை என்ற கணக்கு அது. வியட்நாமையும் சீனாவையும்கூட உதடும் பல்லும் என்றார்கள். 1979இல் இரண்டும் போரிட்டன. நகமும் சதையும் எப்படிப் போரிடும்?

'தமிழில் உவமை இருக்கும்போது அந்நிய உவமை எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் உவமை வேண்டும்தான், ஆனால் அதே பொருளைத் தர வேண்டும். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'உதடும் பல்லும் போல நெருக்கம்' என்று எழுதுகிறார்கள். நம்மவர்கள் மூலத்தைப் பார்ப்பதில்லை. 'நெருக்கம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, கைக்கு எட்டிய உவமையை ஒட்டிவிடுகிறார்கள். சீனம், ஜப்பானியம், ரஷ்யம் எதுவானாலும் இதே கதைதான்.

'இதழ் இழப்பின் பல் குளிரும்' என்றும் மொழிபெயர்க்கலாம். தூய தமிழ்தான், ஆனால் இதழ் என்றதும் பூவும் பத்திரிகையும் சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. பல் குளிரும் என்று யாரும் பேசுவதுமில்லை. குளிர் பட்டால் நம் பல் கூசும். அதனால் 'உதடு போனால் பல் கூசும்' என்பதே சரி. தலைப்புக்குச் சுருக்கமாக வேண்டுமென்றால், 'சீனாவுக்கு வடகொரியா பல்லுக்கு உதடு போல' என்று எழுதலாம். யாரை யார் காக்கிறார் என்பது அதில் தெரியும்.