ஏற்காட்டுக்குப் போயும் அதே ஸ்பீடுதான்

என்கிட்ட ஒரு கையடக்க லினக்ஸ் டப்பா இருக்குங்க, உள்ள ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, ஃபைலெல்லாம் மெமரி கார்டுல, மேல குட்டி ஸ்க்ரீன், கீழ நாலஞ்சு பட்டன், முதுகுல பேட்டரி. அதுல சேர்வராயன் மலைக்கு ஆஃப்லைன் மேப் ஏத்தணும்னு ஆசை, ஏன்னா எஸ்டேட் பாதைல இறங்கி கொஞ்ச தூரம் நடந்தாலே போன்ல டவர் காணாமப் போயிடும். மேப்புனா ஒரே படம் கிடையாது, 256 பிக்சலுக்கு 256 பிக்சல்னு சின்னச் சின்ன சதுரமா வெட்டி வச்சிருப்பாங்க, ஒரு ஜூம் உள்ள போனா சதுரம் நாலு மடங்காயிடும், அப்படி நான் எடுத்து வச்சது 38,000 ஃபைல், ஒவ்வொண்ணும் சராசரி 15 கேபி, மொத்தமே 570 எம்பிதான். அந்த டப்பாவோட வைஃபை பேப்பர்ல நொடிக்கு 72 மெகாபிட், எட்டால வகுத்தா 9 மெகாபைட், கைக்கு வர்றது 3 வந்தாலே சந்தோஷம்னு வச்சாக்கூட மூணு நிமிஷ வேலை. லேப்டாப்ல இருந்து வைஃபை வழியா ஃபைலை காப்பி பண்ற எஸ்சிபி கமாண்டைப் போட்டுட்டு டீ குடிச்சேன், குளிச்சேன், சாப்பிட்டேன், ஒரு மணி நேரம் தாண்டியும் ஓடிட்டு இருக்கு.

எல்லாரையும் போல நானும் வைஃபையைத்தான் திட்டினேன். நம்ம வீடு சேலம் அம்மாபேட்டை, சுவத்தோட சுவர் ஒட்டின வீடுங்க, நெட்வொர்க் லிஸ்ட்டைத் திறந்தா தெருவுல பாதிப்பேர் வீட்டு வைஃபை தெரியும். இந்த டப்பாவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் வரும், அதுல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல்னு பார்த்தா 1, 6, 11னு மூணே மூணு, அதுக்குள்ள தெருவே பேசணும், ஒருத்தர் பேசும்போது மத்தவங்க வாயை மூடிக்கணும். சரி அதான் காரணம்னு முடிவு பண்ணிட்டேன்.

அடுத்த வாரம் ஏற்காட்டுல மாமா வீட்டுக்குப் போனேன். அங்க அவர் வீட்டு வைஃபையைத் தவிர வேற ஒண்ணுமே தெரியல, சுத்தி காப்பிச் செடியும் சில்வர் ஓக் மரமும்தான். மறுபடி எஸ்சிபி போட்டேன். அதே ஒரு மணி நேரம்! அப்பத்தான் காத்து மேல தப்பில்லன்னு உறைச்சுது.

அடிவாரத்துல இருந்து ஏற்காடு பஸ்ல போனவங்களுக்கு இது சட்டுனு புரியும். 20 கொண்டை ஊசி வளைவு. ரோடு அகலம் போதும், பஸ் இன்ஜினும் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிச்சு, எதிர்ல வர்ற வண்டிக்கு வழி விட்டு, ஒடிச்சுத் திருப்பி மறுபடி கியரைப் போட்டு வேகம் எடுக்கறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். சின்ன ஃபைல் ஒவ்வொண்ணும் அப்படி ஒரு வளைவு. லேப்டாப் "இந்தப் பேர்ல ஒரு ஃபைல் தொறக்கட்டுமா"ன்னு கேட்கும், டப்பா "சரி"ன்னு சொல்ற வரைக்கும் நிக்கும், அப்புறம் டேட்டா, அப்புறம் "மூடவா", "மூடு". 15 கேபி டேட்டா காத்துல போக சில மில்லிசெகண்ட்தான், மிச்சமெல்லாம் இந்தக் கேள்வி பதில்ல காத்துக் கிடக்கற நேரம்.

அந்தக் காத்திருப்பு ஏன் இவ்ளோ நீளுதுன்னு, ஒரு பாக்கெட் போய்வர எவ்ளோ நேரம்னு காட்டற பிங் கமாண்டைப் போட்டுப் பார்த்தேன், ஒண்ணு 4 மில்லிசெகண்ட், அடுத்தது 90, அடுத்தது 30, இஷ்டத்துக்கு ஆடுது. இது வைஃபை பவர் சேவ் பண்ற வேலை. பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபை சிப் அடிக்கடி கண்ணை மூடிக்கும், அந்த நேரத்துல வர்ற பாக்கெட்டை ரவுட்டர் தன்கிட்டயே பிடிச்சு வச்சிருக்கும். ரவுட்டர் சாதாரணமா 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, அதாவது நொடிக்கு சுமார் 10 தடவை, பீக்கன்னு ஒரு சிக்னல் விடும், "உனக்கு தபால் வந்திருக்கு"ன்னு அதுலதான் சொல்லும், சிப் அப்ப முழிச்சுப் பார்த்து வாங்கிக்கும். கணக்குப் போடுங்க, ஒரு ஃபைலுக்கு நாலு தடவை போய்வரணும், தடவைக்கு சராசரி 25 மில்லிசெகண்ட்னா 0.1 நொடி, 38,000 ஃபைலுக்கு 3,800 நொடி. ஒரு மணி நேரம் மூணு நிமிஷம். எனக்கு ஆன நேரத்துக்குக் கிட்டத்தட்ட சரியா வந்துடுச்சு, அந்த சந்தோஷத்துல மாமா பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் கொட்டாவி விட்டான்.

வைத்தியம் ரெண்டு. டப்பால ஐடபிள்யூங்கற வைஃபை செட்டிங் கமாண்ட்ல பவர் சேவை ஆஃப் பண்ணலாம், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், ரீபூட் ஆனா பழையபடி ஆன் ஆயிடலாம், பார்த்துக்கங்க. அதைவிட முக்கியம் வளைவையே எடுத்துடறது. லேப்டாப்ல டார் கமாண்ட் போட்டு எல்லா ஃபைலையும் ஒரே சரமாக் கோத்து, அதை அப்படியே எஸ்எஸ்எச்ங்கற பூட்டுப் போட்ட (என்க்ரிப்ட் பண்ண) இணைப்பு வழியா அனுப்பி, டப்பா பக்கம் இன்னொரு டார் வச்சு பிரிச்சுக்கணும். நடுவுல கேள்வியே கிடையாது, தண்ணி மாதிரி ஓடும். லேப்டாப் பக்கம் நாலரை நிமிஷத்துல முடிஞ்சுது.

இப்ப டப்பால எந்த வேலை எவ்ளோ சிபியு தின்னுதுன்னு காட்டற டாப் கமாண்டைப் பார்த்தா சிபியு முட்டிக்கிட்டு நிக்குது, அதுல பெரும்பங்கு எஸ்எஸ்எச். அதுக்குள்ள இருக்கறது 1 கிகாஹெர்ட்ஸ் ஏஆர்எம்11, ஒரே ஒரு கோர், வைஃபை வேலையும் அதுதான், பூட்டைத் தொறக்கறதும் அதுதான், கார்டுல எழுதறதும் அதுதான். ஏஇஎஸ்ங்கற பூட்டு முறைக்குன்னே தனி இன்ஸ்ட்ரக்ஷன் லேப்டாப் சிப்ல இருக்கு, இதுல கிடையாது. அதனால சாச்சா20ங்கற இன்னொரு பூட்டு முறை இதுக்குத் தோது, கூட்டல், பிட்டை சுழட்டறது, எக்ஸார்னு பிட்டை ஒப்பிடறது இந்த மூணை மட்டும் வச்சே வேலையை முடிச்சிடும், எந்தப் பழைய சிப்புக்கும் அது கைவந்த கலை. எஸ்எஸ்எச்ல கம்ப்ரஷன் ஆன்ல இருந்தா அணைச்சிடுங்க, மேப் சதுரமெல்லாம் பிஎன்ஜி படம், அது ஏற்கனவே சுருக்கினது, அதை மறுபடி சுருக்கறது பிழிஞ்ச துணியைப் பிழியற கதை. எஸ்எஸ்எச்சுக்குப் பதிலா நெட்கேட் கமாண்ட் போட்டா பூட்டே இல்லாம இன்னும் வேகமாப் போகும், ஆனா அதை சொந்த வீட்டுல வச்சுக்கங்க, லாட்ஜ் வைஃபைல வேண்டாம். இன்னொண்ணு, லேப்டாப்பும் அதே 2.4 வைஃபைல இருந்தா ஒரே பாக்கெட் ரவுட்டருக்கு ஒரு தடவை, அங்கிருந்து டப்பாவுக்கு ஒரு தடவைன்னு காத்துல ரெண்டு தடவை போகுது. லேப்டாப்பை லேன் கேபிள்ல மாட்டினாலே காத்துல பாதி பாரம் குறைஞ்சிடும்.

முடிஞ்சுதுன்னு நினைச்சா முடியல. லேப்டாப் பக்கம் 100 சதவீதம்னு வந்துடுச்சு, எல்லாம் கார்டுல இறங்கற வரைக்கும் காத்திருக்கற சிங்க் கமாண்டை டப்பால போட்டா அசையாம நிக்குது. லினக்ஸ் வர்ற டேட்டாவை முதல்ல ரேம்ல வாங்கிப் போட்டுட்டு "எழுதியாச்சு"ன்னு சொல்லிடும், கார்டுக்கு அப்புறமாத்தான் இறக்கும். அந்த நேரத்துல பேட்டரியைப் பிடுங்கினா போச்சு. கார்டுக்கு சின்ன ஃபைல்னா ஏன் இவ்ளோ சங்கடம்னா ஃபிளாஷ் மெமரில எழுதின இடத்து மேலயே திரும்ப எழுத முடியாது, ஒரு பெரிய பிளாக்கை மொத்தமா அழிச்சாத்தான் மறுபடி எழுதலாம். வாசல்ல போட்ட கோலத்துல ஒரு புள்ளி தப்பாப் போச்சுன்னு மொத்த வாசலையும் கழுவி விட்டுட்டு முதல்ல இருந்து போடற மாதிரி. 38,000 ஃபைலுக்கும் பேர் எழுத, டைரக்டரியைத் திருத்தன்னு துளித்துளியா எழுதினா, கார்டு உள்ளுக்குள்ள கழுவிக் கழுவி ஓஞ்சு போயிடும்.

கடைசில நான் பண்ணது ஃபைலைப் பிரிக்கவே இல்ல. மேப் சதுரம் எல்லாத்தையும் எம்பிடைல்ஸ்னு ஒரே எஸ்கியூலைட் (குட்டி டேட்டாபேஸ்) ஃபைலா ஆக்கிட்டேன், என் மேப் ஆப் அதையே நேராப் படிக்குது. 570 எம்பி, ஒரே ஃபைல், சிங்க்கோட சேர்த்து நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. பவர் சேவ் ஆன்ல இருந்தாலும் பெருசா வித்தியாசம் தெரியல, வளைவே இல்லாத ரோட்டுல ஹாரனுக்கு என்ன வேலை.

நடுவுல யுஎஸ்பி வழியும் பார்த்தேன், பை ஜீரோவை லேப்டாப்ல சொருகினா நெட்வொர்க் கார்டு மாதிரியே தன்னைக் காட்டிக்க வைக்கலாம், காத்தே வேண்டாம். அரை மணி நேரம் கான்ஃபிக் ஃபைலைக் குடைஞ்ச அப்புறம்தான் தெரிஞ்சுது, கையில இருந்தது சார்ஜ் மட்டும் ஏறற கேபிள், உள்ள டேட்டா கம்பியே இல்ல. அதை மாத்தினா பவர்னு எழுதின ஓட்டைல சொருகியிருக்கேன், டேட்டா போறது பக்கத்து ஓட்டை.

இதையெல்லாம் திண்ணைல உக்காந்து பார்த்துட்டு இருந்த மாமா, "ஏன் மாப்ள, அந்தக் கார்டைக் கழட்டி லேப்டாப்ல சொருகியிருந்தா அப்பவே ஆயிருக்காது?"ன்னார். ஆயிருக்கும்ங்க மாமா, மூடில நாலு ஸ்க்ரூ இருக்கு, ஸ்க்ரூடிரைவர் அம்மாபேட்டைல இருக்குன்னேன்.