தக்காளி: பெயர் கைமாறிய கதை

‘டொமேட்டோ’வைத் தமிழ் நாக்கு திரித்ததுதான் தக்காளி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்தச் சிவப்புப் பழம் கப்பலேறி வரும் முன்பே தக்காளி என்ற சொல் நம்மிடம் இருந்தது. வேலியோரம் கறுப்பு மணிகளாய்ப் பழுக்கும் மணத்தக்காளிக்கும், மெல்லிய உறைக்குள் ஒளிந்திருக்கும் சொடக்குத் தக்காளிக்கும் உரிய பெயர் அது. காற்றடைத்த அந்த உறையை நெற்றியில் மோதி ‘டப்’பென்று உடைக்கும் சுகம் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சரி, டொமேட்டோ? மெக்சிகோவின் நாவாட்ல் மொழியில் ‘தொமாட்ல்’. ஸ்பானியர் வாயில் அது ‘தொமாத்தே’ ஆனது. நாவாட்லிலும் தொமாட்ல் முதலில் உறை மூடிய ஒரு பச்சைக் காயின் பெயர்தான். நம் சொடக்குத் தக்காளியின் நெருங்கிய சொந்தம் அது! நாம் சாப்பிடும் சிவப்புப் பழத்தை அவர்கள் ‘ஷிதொமாட்ல்’ என்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பா போனபோது, நச்சுச் செடியின் உறவு என்று பலர் வாயில் வைக்கவே பயந்தார்கள்.

இங்கே அதற்குக் கிடைத்த பெயர் ‘சீமைத் தக்காளி’. சீமை எண்ணெய், சீமைக் கத்தரிக்காய் போல, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று பொருள். வங்காளிகளும் ‘பிலாத்தி பேகுன்’, அதாவது சீமைக் கத்தரி என்றார்கள். நம் ஊரில் அந்தச் ‘சீமை’ உதிர்ந்தது ரசச் சட்டியில்தான் என்பது என் எண்ணம். புளிக்கரைசலில் பழத்தைக் கையால் பிசைந்துவிடப் பழகிய பிறகு, அதை யார் அந்நியம் என்பார்கள்? வந்தது வெறும் ‘தக்காளி’ ஆகிவிட்டது. இங்கேயே இருந்தவைதான் மணம், சொடக்கு என்று அடைமொழி சேர்த்துச் சொல்லும் நிலைக்கு வந்தன.

ஆகவே டொமேட்டோவுக்குத் தனித்தமிழ்ச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. சிங்களவர்கூட ‘தக்காலி’ என்கிறார்கள். நம் உணவகப் பலகைகளில் மட்டும் ஏன் ‘டொமேட்டோ ரைஸ்’? தக்காளிச் சோறு என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

எங்கள் வீட்டுத் திவசச் சமையலில் மட்டும் இன்றும் தக்காளி கிடையாது. மிளகாய், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எதுவும் கிடையாது. புளியும் மிளகும் போட்ட ரசம்தான். ஒருமுறை நான் தெரியாமல் இரண்டு பழம் நறுக்கி வைத்தேன். பாட்டி தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “இது சீமைக் காயாச்சேடா, தாத்தாவுக்கு ஆகாது.”