உறை அல்ல, போர்வை

சென்ற மழைக்காலத்தில் காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் கொசு ஒழிப்புக் கூட்டம். முற்றத்து அண்டாவை மூடி வைக்கச் சொன்னதெல்லாம் சரி. சிக்குன்குனியா வைரஸுக்கு வந்தபோது, “உறை செல்லோடு கலந்ததும் உறை உள்ளே போய்விடும்” என்று படித்தார்கள். “எந்த உறை ஐயா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். கேட்கத்தானே செய்வாள்!

ஆங்கிலத்தில் இரண்டும் வேறு சொற்கள். வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றி உள்ளே இருக்கும் புரதக் கூடு கேப்சிட். பெட்டியைக் குறிக்கும் ‘காப்சா’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அதற்கும் வெளியே இருக்கும் படலம் என்வலப்; சுற்றிப் பொதிவது என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல். நம்மவர்கள் இரண்டையும் ‘உறை’ என்றார்கள். குழப்பம் தெரிந்தபின் அக உறை, புற உறை என்று ஒட்டுப்போட்டார்கள்.

ஒட்டுப் போதாது. வாளுறை, தலையணையுறை என்று எதை எடுத்தாலும் உறை தனியாகச் செய்யப்படுவது. உள்ளிருப்பதை உருவலாம், மறுபடி செருகலாம். வைரஸின் வெளிப்படலம் அப்படியா? சிக்குன்குனியா வைரஸ் நம் செல்லைவிட்டுப் பிதுங்கி வெளியேறும்போது செல்லின் கொழுப்புச் சவ்வையே போர்த்திக்கொண்டு போகிறது. அடுத்த செல் அதை விழுங்கியதும், விழுங்கிய பையில் அமிலம் ஏறுகிறது. மேற்பரப்புப் புரதங்கள் வடிவம் மாறி, போர்வையைப் பையின் சவ்வோடு கலக்கச் செய்கின்றன. மரபுப்பொருளை அடைத்த பெட்டகம் மட்டும் செல்லுக்குள் இறங்குகிறது. இரவல் சவ்வைப் போர்த்துவதும் நீக்குவதும்தான் இங்கே நடக்கும் வேலை. அந்த வினையைத் தன்னுள் வைத்திருக்கும் சொல் போர்வை. ‘போர்வையற்ற வைரஸ்’ என்றால் போலியோ வகையும் விளங்கிவிடும். இது கவிதைச் சொல், கலைச்சொல் ஆகாது என்பவர்களை நான் ஏற்க மாட்டேன். வழக்கில் வாழும் சொல் எப்போது குற்றமானது?

கேப்சிட்டுக்குப் பெட்டகம். செட்டிநாட்டு வீடுகளில் பெட்டகம் என்றால் விலை மதிப்புள்ளதைப் பூட்டி வைப்பது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

இரண்டையும் ‘உறை’ என்பதைவிட மோசம் ‘புரத உறை’ என்று என்வலப்பை எழுதுவது. அதன் அடித்தளம் கொழுப்பு. புரதம் அதில் பதிந்திருப்பது. அகராதியின் முதல் சொல்லைப் பிடுங்கி நடுகிறவர்கள், பொருளை ஒருமுறை படத்திலாவது பார்ப்பதில்லை. டெங்குவுக்கும் ‘முள்ளுறை’ என்று எழுதுகிறார்கள். சிக்குன்குனியாவுக்கு மேற்பரப்பில் புரதத்தாலான 80 முட்கள் உண்டு. முதிர்ந்த டெங்கு வைரஸிலோ 180 புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஆத்தங்குடிக் கல் பாவிய தரைபோலப் படிந்து கிடக்கின்றன. அமிலம் பட்ட பிறகே மும்மூன்றாகச் சேர்ந்து நிமிர்கின்றன. அதற்கு முன் அங்கே முள் ஏது?