ஹாஷ் என்றால் கொத்து

கொட்டகலையிலிருந்து பஸ்ஸில் வந்த அக்கா மகன், பையைத் திறந்து விரல் நீளமான ஒரு யூஎஸ்பி கருவியை மேசைமேல் வைத்தான். முதுகில் அலுமினியச் செதில்கள், ஓரத்தில் ஒரு சின்னத் திருகு. கெக்கோசயன்ஸ் கொம்பாக் என்ற பழைய பிட்காயின் மைனர், அதாவது பிட்காயின் என்ற இணைய நாணயத்தைக் கணக்குப் போட்டுத் தேடும் கருவி. யாரோ பாவித்துக் கழித்ததை வாங்கியிருக்கிறான்.

"மாமா, ஹாஷ் கொறைஞ்சிக்கிட்டே போவுது. நானும் கூட்டிக் கூட்டிப் பாக்கிறேன், இன்னும் கொறையுது" என்றான்.

"ஹாஷ்னா என்னா?" என்று கேட்டேன்.

"ஸ்பீட் தானே மாமா?"

ஹாஷை வேகம் என்று எடுத்துக்கொண்டதால் அவன் கருவியை விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். ஹாஷ் என்பது ஒரு வேலையின் பெயர். அந்த வேலை முடிந்து கையில் கிடைக்கும் எண்ணுக்கும் அதே பெயர்தான். வேகத்தைச் சொல்ல ஹாஷ்ரேட் என்று தனிச்சொல் இருக்கிறது. அன்று கருவியைத் தொடுவதற்கு முன் இந்தச் சொல்லைத்தான் அவனுக்குப் பிரித்துக் காட்டினேன்.

ஆங்கில ஹாஷ் அடுப்படியில் பிறந்த சொல். இறைச்சியைப் பொடியாக வெட்டி, கிழங்கு போன்றவற்றோடு கிளறிச் செய்யும் சாப்பாட்டுக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் இருந்தது. அது பிரெஞ்சு மொழியின் 'அஷே' என்ற வினையிலிருந்து வந்தது; பொருள், பொடியாக வெட்டு. அதற்கும் அடியில் கிடப்பது 'ஆஷ்' என்ற பெயர்ச்சொல், அதாவது கோடரி. ஆங்கிலத்தில் கைக்கோடரியை ஹாச்செட் என்பதும் இந்த வேரில் முளைத்ததே. சித்திரத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிழுத்து நிழல் காட்டுவதை ஹாச்சிங் என்பார்கள். அதுவும் அதே வினைதான். தொலைபேசியில் நாம் அழுத்தும் ஹாஷ் குறியின் பெயர் அந்த ஹாச் திரிந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். போதைப்பொருளான ஹஷீஷ் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது புல் என்று பொருள்படும் அரபுச் சொல்.

கணினிக்குள் இந்தச் சொல் வந்தது தேடும் வேலைக்காக. 1953இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர், நிறுவனத்துக்குள் சுற்றிய ஒரு குறிப்பில் ஒரு வழி சொன்னார். பெயரையோ எண்ணையோ கணக்கால் சிதைத்து ஒரு சிறு எண்ணாக்க வேண்டும். அந்த எண் காட்டும் பெட்டியில் அதைப் போட்டு வைத்தால், பிறகு தேடும்போது நேரே அந்தப் பெட்டிக்கே போகலாம். வெட்டிக் கலப்பதால் இதை ஹாஷிங் என்று சொல்லத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் தொழிலில் இருந்தவர்களின் பேச்சுச் சொல்லாகவே இருந்தது. 1968இல் ராபர்ட் மோரிஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஏட்டிலும் நிலைத்துவிட்டது.

பிட்காயின் பாவிக்கும் ஹாஷ் முறையின் பெயர் ஷா-256. அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகமை வடிவமைத்தது, 2001இல் வெளியானது. 2008 அக்டோபர் 31 அன்று சட்டோஷி நகமோட்டோ என்ற பெயரில் வந்த பிட்காயின் கட்டுரையிலும் இதன் பெயர் வருகிறது. இது என்ன செய்கிறது என்று பார்த்தால், அந்தப் பழைய கோடரி இன்னும் வேலை செய்வது தெரியும். பிட்காயினில் கொடுக்கல் வாங்கல்களைச் சேர்த்து எழுதும் ஒவ்வொரு கட்டுக்கும், அதாவது பிளாக்குக்கும், 80 பைட் நீளமான தலைப்பு உண்டு. ஷா-256 முதலில் அதை 64 பைட் துண்டுகளாக வெட்டுகிறது. மிச்சமாகும் இரண்டாம் துண்டு சிறியது, அதை நிரப்பிச் சரிசெய்கிறது. பிறகு ஒவ்வொரு துண்டையும் 64 சுற்று, பிட்டுகளைச் சுழற்றியும் கூட்டியும் புரட்டியும் கலக்கிறது. வெளியே வருவது 256 பிட் நீளமான ஒரு எண். பிட்காயின் அந்த எண்ணையும் எடுத்து இன்னொரு தரம் அதே சட்டியில் போடுகிறது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது எனக்கு ஹட்டன் டவுன்தான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே இறங்கினால், எந்தக் கடை திறந்திருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை. இரண்டு இரும்புத் தகடுகள் கல்லில் அடிபடும் சத்தம் தெருமுனைக்கே கேட்கும். ரொட்டி, முட்டை, வெங்காயம், நுவரெலியா லீக்ஸ், கரட் எல்லாம் ஒன்றாக விழுந்து, வெட்டுப்பட்டு, புரண்டு, இனி எது எது என்று பிரிக்க முடியாதபடி தட்டில் வந்து சேரும். வெட்டுவதும் கலப்பதும் ஒரே அசைவில் நடக்கிறது. அந்த வேலைக்கும், தட்டில் வருவதற்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: கொத்து. ஹாஷ் என்ற ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான், வேலையும் அதுவே, விளைவும் அதுவே. இப்படிப் பொருத்தமான ஒரு சொல்லை வாசலில் வைத்துக்கொண்டு வேறு எங்கே தேடுவது?

கொத்து நேற்று வந்த கடைச் சொல்லும் அல்ல. மரங்கொத்தி, மீன்கொத்தி என்று பறவைகளின் பெயரில் இருக்கிறது. மண்ணைக் கொத்துகிறோம், கல்லைக் கொத்துகிறவர் கொத்தன். பொடியாக அரிந்த இறைச்சி தமிழ்நாட்டில் கொத்துக்கறி. அது அந்த ஆங்கில ஹாஷ் சாப்பாட்டுக்கு மிகக் கிட்டிய உறவு. ஒருவர் கோடரியில் தொடங்கினார், மற்றவர் மண்வெட்டியிலும் அலகிலும் தொடங்கினார். வந்து சேர்ந்த இடம் ஒரே சட்டி.

தடை ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கொத்து என்றால் குலை என்றும் பொருள்: பூங்கொத்து, சாவிக்கொத்து. அரிசி அளக்கும் பழைய அளவும் கொத்துதான். அதனால் தனியே கொத்து என்று விட்டால் குழப்பம் வரலாம். வேலையைச் சொல்லும்போது கொத்துதல், வெளியே வரும் எண்ணுக்குக் கொத்தெண், கணித முறைக்குக் கொத்துச் சார்பு, ஹாஷ்ரேட்டுக்குக் கொத்து வேகம் என்று பிரித்து வைத்தால் குழப்பம் போய்விடும். நறுக்கு என்று சொல்லலாமா என்றும் பார்த்தேன். ஓலை நறுக்கு என்ற வழக்கு அழகானது, ஆனால் நறுக்கியது துண்டாகவே கிடக்கும், கலக்காது. அக்கா மகன் கவ்வாத்து என்றான். அவன் அம்மா வேலை செய்யும் மலையில் அந்த வாரம் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது, அதனால் வாயில் வந்திருக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மறுபடி தளிர்க்குமே, கொத்தின ரொட்டி மறுபடி ரொட்டியாகுமா என்று கேட்டேன். சரி என்று ஒத்துக்கொண்டான். கொத்தெண்ணைப் பார்த்து மூலத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதுதான் ஹாஷின் உயிரே.

ஹாஷ் என்றே எழுதினால் என்ன என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளை 'லைன்' என்று துரைமார் சொன்னதை நாம் லயம் ஆக்கினோம், காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் 'பரேட்' பெரட்டு ஆனது. விடியக்காலை பெரட்டுக்குப் போன என் பாட்டிக்கு அது வெளியூர்ச் சொல் என்றே தெரியாது. ஆனால் லயமும் பெரட்டுக்களமும் கண்முன்னே நின்ற பொருள்கள். சொல் எங்கிருந்து வந்தாலும் பொருள் எதிரில் இருந்தது. சிப்புக்குள் நடக்கும் வேலையை யாரும் பார்த்ததில்லை, சொல்லைக் கொண்டுதான் காட்டியாக வேண்டும். பேச்சில் ஹாஷ் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு விளக்கும்போது கொத்து வேண்டும்.

உவமை ஓரிடத்தில் உடையும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே கடையில் ஒரே ஆள் போட்டாலும் இரண்டு தட்டுக் கொத்து ஒன்றுபோல் இருக்காது. கொத்தெண் அப்படியில்லை. அதே 80 பைட்டைப் போட்டால் கொட்டகலையிலும் கொழும்பிலும் அதே எண்தான் வரும். ஒரே ஒரு பிட்டை மாற்றினால் முழு எண்ணும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். மைனிங் என்பது இந்த இரண்டு குணத்தையும் நம்பி நடக்கிறது. தலைப்பில் நொன்ஸ் என்ற ஒரு சிறு எண்ணை மட்டும் மாற்றி மாற்றிக் கொத்திப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தட்டிலும் மிளகாய்த்தூளை ஒரு சிட்டிகை மாற்றிப் போடுவதுபோல. வரும் எண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் வெற்றி. இல்லாவிட்டால் அடுத்த தட்டு.

இனி அவனுடைய கருவி. அதில் இருப்பது பிஎம்1384 என்ற ஒரே சிப்பு. உள்ளே 55 கோர்கள், அதாவது கொத்துகிற 55 சோடிக் கைகள். தாளம் எவ்வளவு வேகம் என்பதுதான் அதிர்வெண். நம் பாடசாலைப் புத்தகங்களில் மீடிறன். இரண்டையும் பெருக்கினால் கொத்து வேகம் வந்துவிடும். 150 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் 55 பெருக்கல் 150, விநாடிக்கு 8,250 மெகா ஹாஷ், அதாவது 8.25 கிகா ஹாஷ் (825 கோடி தரம் கொத்துவது). அவன் 250இல் வைத்திருந்தான். கணக்குப்படி 13.75 வர வேண்டும். திரையில் 5ஐச் சுற்றித் தடுமாறிக்கொண்டிருந்தது.

காரணம் அதே திரையில் வன்பொருள் பிழைகளை எண்ணிக் காட்டும் எச்டபிள்யூ என்ற இடத்தில் இருந்தது. இந்தக் கருவிகளை ஓட்டும் சிஜிமைனர், கொன் கொலிவாஸ் என்ற ஆஸ்திரேலிய மயக்க மருந்து மருத்துவர் 2011இல் எழுதத் தொடங்கிய மென்பொருள். சிப்பு ஒரு விடையைக் கொடுத்ததும் கணினி அதை அப்படியே நம்பாது. தானே ஒரு தரம் கொத்திப் பார்க்கும். எண் ஒத்துவராவிட்டால் எச்டபிள்யூ கணக்கில் ஒன்று ஏறும். எப்போதாவது ஒன்றிரண்டு ஏறினால் பரவாயில்லை, அவனுடையதில் ஓடிக்கொண்டே இருந்தது. கைகள் வேகமாக அடிக்கின்றன, ரொட்டி வெட்டுப்படவில்லை. சரியாகக் கொத்தியதுதான் கொத்து வேகத்தில் சேரும் என்பதால், அவன் மீடிறனைக் கூட்டக் கூட்ட எண் இறங்கியிருக்கிறது.

அந்த வேகத்துக்குச் சிப்புக்கு மின்னழுத்தம் போதவில்லை. ஓரத்துச் சின்னத் திருகு அதற்குத்தான். கொஞ்சம் கூட்டினால் சிப்பு நிதானப்படும், ஆனால் சூடும் மின்செலவும் ஏறும். எனவே நான் திருகைத் தொடுவதற்கு முன் மீடிறனைத்தான் இறக்கிப் பார்ப்பேன்: 25 மெகாஹெர்ட்ஸ் இறக்கி, அரை மணி விட்டு, எச்டபிள்யூ ஏறுகிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த படி. ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லக் கூடாது. திரையில் தெரியும் எண், கிடைத்த விடைகளைக் கொண்டு எடுத்த சராசரி, தொடக்கத்தில் ஆடத்தான் செய்யும்.

எங்கே செருகுகிறோம் என்பது அடுத்தது. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று கொடுக்க வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லிஅம்பியர், ஆக 2.5 வாட். யூஎஸ்பி 3.0 என்றால் 900 மில்லிஅம்பியர். 2013இல் வந்த முதல் தலைமுறை பிளாக் இரப்டர் அந்த 2.5 வாட்டுக்குள்ளேயே 333 மெகா ஹாஷ் கொத்தியது. கொம்பாக்கில் மீடிறனை ஏற்றினால் மடிக்கணினியின் போர்ட் தாங்காது. தனி அடாப்டர் உள்ள ஹப் வேண்டும், அடாப்டரின் அம்பியர் எல்லாப் போர்ட்டுக்கும் பங்கிட்டால் போதுமா என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். கருவி திடீரென ஸொம்பி என்று காட்டி நின்றுவிட்டால், சிப்பைச் சந்தேகிக்கும் முன் ஹப்பையும் வயரையும் மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் கருவியே தெரியவில்லை என்றால் அது வேறு கதை: ஸடிக் என்ற சிறு மென்பொருளால் வின்யூஎஸ்பி டிரைவரைப் போட்டால் தெரிந்துவிடும்.

இன்னொரு பயம் வீண் பயம். பலர் கூடிக் கொத்திக் கிடைப்பதைப் பிரித்துக்கொள்ளும் பூலில் சேர்ந்து பத்து நிமிடம் ஆகியும், தான் அனுப்பும் விடையான பங்கு ஒன்றுகூட ஏற்கப்படவில்லை என்று அவன் கருவியைக் கழற்றிக் கழற்றிச் செருகியிருக்கிறான். விடை கிடைப்பது எவ்வளவு அரிது என்பதைக் கடினம் என்ற எண்ணால் சொல்வார்கள். கடினம் 1 என்ற அளவிலான ஒரு விடைக்குச் சராசரியாக 430 கோடி தரம் கொத்த வேண்டும். பூல் 1,024 என்று கேட்டால் அதைப்போல் 1,024 மடங்கு. 8.25 கிகா வேகத்தில் அது சராசரி 9 நிமிடம், சில நேரம் அரை மணிகூட ஆகலாம். கழற்றாமல் விட்டிருந்தாலே வந்திருக்கும். பூலில் கேட்கும் கடினத்தைக் குறைத்து வைக்க முடிந்தால் குறைப்பது நல்லது.

நம் ஊர்க் குளிர் சிப்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். காற்று அசைந்தால்தான் அந்தக் குளிர் உதவும். செதில்களுக்கு எதிரே ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். மஞ்சு உள்ளே வரும் ஜன்னலோரத்தில் மட்டும் வைக்க வேண்டாம். ஓடும்போது சூடாக இருக்கும் பலகை, கரண்ட் போனதும் ஆறும், அப்போது ஈரம் படியும்.

காசைப் பற்றி அவன் அம்மா கேட்டாள், நேராகவே பதில் சொன்னேன். உலகம் முழுதும் விநாடிக்கு 600 எக்ஸா ஹாஷ் (ஓர் எக்ஸா நூறு கோடி கிகா) கொத்துகிறது என்று வைத்துக்கொண்டால், இந்தக் கருவி தனியே ஒரு பிளாக்கைப் பிடிக்கச் சராசரி பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் வேண்டும். இலங்கை மத்திய வங்கியும் பிட்காயின் போன்றவற்றைச் சட்டபூர்வ நாணயமாக ஏற்கவில்லை. கற்றுக்கொள்ள வாங்கியதென்றால் சரி, கடன் வாங்கிப் பத்து வாங்குவதென்றால் வேண்டாம்.

கடைசியில் 175 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினோம். திரையில் 9.6 கிகா, எச்டபிள்யூ ஒரு மணி நேரத்தில் இரண்டு. அவன் கொப்பியில் 'கொத்து வேகம் 9.6' என்று எழுதிக்கொண்டான். இரவு ஏழு மணிக்கு லயத்தில் எல்லா வீட்டிலும் விளக்குப் போடும்போது கரண்ட் ஒரு நொடி மினுங்கும், அப்போது மட்டும் கருவி நின்றுவிடுகிறதாம். அதற்கு இன்னும் வழி பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு ஹப்பின் அடாப்டரையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.