எக்சிமா: சிரங்கு அல்ல, கரப்பான்

தோல் களிம்பு ஒன்றின் அட்டைப்பெட்டிக்குள் எட்டாக மடித்த தாள் ஒன்று இருந்தது. பல மொழிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தத் தாளில் தமிழுக்குக் கிடைத்த பத்தியின் தலைப்பு ‘சிரங்கு’. நாலு வரி தள்ளி, ‘இந்நோய் பிறருக்குப் பரவாது’ என்று போட்டிருந்தார்கள். பரவாத சிரங்கை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். ஒரு தாளோடு போயிருந்தால் விட்டுவிடலாம். நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கம், காணொளிகளின் கீழ்வரி என்று எங்கே திரும்பினாலும் எக்சிமா என்ற அரிப்புத் தோல்நோய்க்கு இதே பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள்.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடுகிறேன். எக்சிமா கிரேக்கச் சொல். ‘எக்’ என்றால் வெளியே, ‘ஸெயின்’ என்றால் கொதித்தல். பொங்கி வெளியே வருவது என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் தோல் நோய்களை வகைபிரித்தபோது இது மருத்துவப் பெயராக நிலைபெற்றது. இன்று குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் அடோபிக் வகையின் ‘அடோபி’ 1923இல் கோக்கா, குக் என்ற இருவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். அதற்கும் மூலம் கிரேக்கம்தான்.

இனிச் சிரங்கு. அது ஸ்கேபிஸ் எனப்படும் நோய். கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணி ஒன்று தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொடங்கும், இரவில் அரிப்பு உச்சத்துக்குப் போகும், ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒட்டும். லத்தீனில் சொறிவதைக் குறிக்கும் வினையிலிருந்துதான் ஸ்கேபிஸ் என்ற பெயரே வந்தது. நாம் சொறிசிரங்கு என்று சேர்த்துச் சொல்வதும் அதே பார்வைதான். அந்த நோய்க்குத் தமிழில் பொருத்தமான பெயர் இருக்கிறது, அதை அதற்கே விட்டுவிடலாம்.

எக்சிமாவில் உண்ணியும் இல்லை, பிறருக்கு ஒட்டுவதும் இல்லை. தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கத் தவறுகிறது. அதற்குத் துணைநிற்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் கோளாறு பலருக்குக் காரணமாக இருப்பதை 2006இல் கண்டறிந்தார்கள். ஈரம் போகிறது, சோப்பும் தூசும் உள்ளே நுழைகின்றன, உடலின் எதிர்ப்பாற்றல் கொதித்தெழுகிறது. கைக்குழந்தைக்குக் கன்னத்தில் வரும். வளர்ந்தபின் முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் வரும்.

“ஊரில் எதையும் சிரங்கு என்றுதானே சொல்கிறார்கள்” என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதாடினார். சொல்கிறார்கள்தான். ஊர் வாய்க்கு அந்த உரிமை உண்டு. மருந்துத் தாளுக்குக் கிடையாது. சிரங்கு என்று எழுதியவுடன் பள்ளியில் அந்தக் குழந்தையின் பெஞ்சு தனியாகிறது. அதன் துண்டை யாரும் தொடுவதில்லை. ‘குளிப்பாட்டுவதில்லை போலிருக்கிறது’ என்ற பார்வை தாயின் மேல் விழுகிறது. அந்தத் தாயோ, குளித்த ஈரம் காய்வதற்குள் களிம்பைத் தடவிவிட வேண்டுமே என்று துண்டும் கையுமாக ஓடிக்கொண்டிருப்பவள்.

பெயரோடு நிற்பதில்லை, மருந்தும் மாறிப்போகிறது. சிரங்குக்குப் பெர்மெத்ரின் பூச்சைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவி இரவு முழுக்க விடுவார்கள், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில். எக்சிமாவுக்கு அது பயன்படாது. ஏற்கெனவே வெடித்திருக்கும் தோலை மேலும் எரிக்கவும் கூடும். திருப்பிப் பார்த்தால், உண்மையான சிரங்கில் எக்சிமாவின் ஸ்டீராய்டு களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கியதுபோல் காட்டிவிட்டு உண்ணி நிம்மதியாகப் பெருகும். படர்தாமரையிலும் இதே கூத்துதான். மருந்துக்கடையில் பெயர் கேட்டு வாங்கும் நாட்டில் பெயரில் கவனம் வேண்டாமா?

என் வாக்கு கரப்பானுக்கு. சித்த மருத்துவத்தில் பழகிய பெயர் இது. மண்டைக் கரப்பான், செங்கரப்பான் என்று வகைகளும் உண்டு. கத்திரிக்காயையும் கருவாட்டையும் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒதுக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். (பாட்டி சொன்னாள் என்பதற்காகக் குழந்தையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டாம், மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.) கரத்தல் என்றால் மறைத்தல், மறைதல். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற குறளில் வருவது அதுதான். அடங்கி மறைந்து, பனிக்காலம் வந்ததும் பழைய மடிப்பிலேயே முளைக்கும் நோய்க்கு இந்தப் பொருள் அழகாகப் பொருந்துவதாகவே நான் படிக்கிறேன்.

மறுப்பு இரண்டு வரும். கரப்பான் என்றால் பூச்சி நினைவுக்கு வருகிறதாம். புற்றுநோய் என்றதும் யாரும் பாம்பைத் தேடுவதில்லையே. அடுத்தது, சித்த மருத்துவக் கரப்பானுக்குள் பல நோய்கள் அடங்குகின்றன என்பது. எக்சிமா மட்டும் ஒற்றை நோயா என்ன? நாணய வடிவில் வருவது, உள்ளங்கையில் நீர்க்கொப்புளமாக வருவது, பொடுகோடு வருவது எல்லாம் அந்தக் குடைக்குள்தான். அகன்ற சொல்லுக்கு அகன்ற சொல்லே இணை. ‘அரிக்கும் தோலழற்சி’ என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அழலிலிருந்து வந்த அழற்சி நல்ல ஆக்கம், பாடநூலில் இருக்கட்டும். ஆனால் மருத்துவரின் முன்னால் உட்கார்ந்து “எனக்கு அரிக்கும் தோலழற்சி கிளம்பியிருக்கிறது” என்று யார் சொல்வார்?

கிளம்புதல் என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். நோய் திடீரென்று மூள்வதை அந்தத் தாளில் ‘விரிவடைதல்’ என்று எழுதியிருந்தார்கள். சாலையா விரிவடைய? ஸ்டீராய்டு களிம்பு ‘ஊக்கமருந்துக் களிம்பு’ ஆகியிருந்தது. ஓட்டப்பந்தய வீரர்களைத் தடைசெய்யும் பொருளைப் பச்சைக் குழந்தையின் கன்னத்தில் தடவச் சொன்னால் எந்த அப்பன் தடவுவான்? ஸ்டீராய்டு என்றே எழுதிவிட்டு அளவைச் சொல்லலாம்: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் காணும். இந்த ஒரு வாக்கியம் தாளில் இல்லை. ‘எரிச்சலூட்டும் துணிகளைத் தவிர்க்கவும்’ என்பது மட்டும் இருந்தது. கம்பளி எரிச்சலூட்டாது, உறுத்தும். எரிச்சலூட்டுவது இப்படிப்பட்ட தமிழ்தான்.

சோப்பு உறைகளில் வரும் ‘உணர்திறன் வாய்ந்த சருமம்’ வேறு. அரித்து அரித்துத் தூக்கம் கெட்டவனைப் பார்த்து ‘உனக்குத் திறன் வாய்த்திருக்கிறது’ என்று வாழ்த்துவதுபோல் இருக்கிறது. பல் கூசுவதற்குத் தமிழில் கூச்சம் உண்டு. மேனி கூசுவது அருவருப்பு, ஆகவே அது இங்கே உதவாது. ‘எதுவும் ஒத்துக்கொள்ளாத தோல்’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதில் என்ன குறை? தோல் என்றால் செருப்புக் கடை வாசம் வருகிறதென்று சருமத்துக்குத் தாவினார்கள். வடமொழியில் சர்மகாரன் என்றாலே தோல் வேலை செய்பவன்தான். கடையை விட்டு எங்கும் போய்விடவில்லை.

எனக்கு இன்னும் தீராத ஒன்று, ஒரு பொருள் மேலே பட்டு வரும் வகைக்கான பெயர். கவரிங் நகையின் நிக்கல், ஒட்டுப்பொட்டின் பசை, தலைச்சாயம் எல்லாம் இதைக் கொண்டுவரும். ‘தொடு கரப்பான்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று படிப்பவர் புரிந்துகொண்டால் சிரங்கின் கதையே திரும்பவும் தொடங்கிவிடும். நான் இப்போதைக்குக் காரணத்தை முன்னால் வைத்துப் பொட்டுக் கரப்பான், சாயக் கரப்பான் என்று எழுதுகிறேன். எதை நிறுத்த வேண்டும் என்பதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.