டெஸ்டர் எரிகிறது, சரி, எர்த் இருக்கிறதா?

எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில், கிரைண்டருக்கான பிளக் பாயிண்டின் சுவிட்ச் லொடலொடவென்று ஆடியது. மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு, திருகுகளைக் கழற்றிப் பலகையை முன்னால் இழுத்தார். இழுத்தவர், "இங்கே வந்து பாருங்க சார்" என்றார். கரண்ட் வரும் ஃபேஸ் முனையில் சிவப்பு வயர், அது திரும்பிப் போகும் நியூட்ரல் முனையில் கறுப்பு வயர். எர்த் முனைக்குச் சுவரிலிருந்து பச்சை வயர் வரவே இல்லை. அதற்குப் பதிலாக, நியூட்ரல் முனையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் முனையில் முறுக்கியிருந்தார்கள்.

ஆறு வருடம் அந்தப் பாயிண்டில்தான் மாவு அரைத்தோம். ஒரு குறையும் தெரிந்ததில்லை. இந்த வேலையில் என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

கிரைண்டர் ஓட ஃபேஸும் நியூட்ரலும் போதும். உள்ளே இன்சுலேஷன் கெட்டு, கரண்ட் எவர்சில்வர் பாடிக்கு வரும் நாளில் அதைப் பூமிக்குக் கொண்டுபோகத்தான் பாடியோடு இணைந்த எர்த் வயர். நியூட்ரலும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் பூமியோடு இணைந்ததுதானே, அதையே எர்த்தாக வைத்தால் என்ன என்று தோன்றலாம். தொட்டால் சுர்ரென்று அடித்த பாடி, இந்தத் துண்டு வயரைப் போட்டதும் அடங்கிவிடும். அதனால்தான் பழைய வீடுகளில் பலர் இப்படிச் செய்துவிட்டுப் போகிறார்கள்.

மீட்டர் பெட்டியிலோ சுவருக்குள் இருக்கும் ஜாயிண்டிலோ அந்த நியூட்ரல் ஒருநாள் விட்டுப்போனால் என்ன ஆகும்? சுவிட்சைப் போட்டதும் ஃபேஸ் மோட்டார் சுருள் வழியாக நியூட்ரல் முனைக்கு வந்து நிற்கும். அங்கிருந்து துண்டு வயரில் ஏறி பாடிக்கு வரும், கிட்டத்தட்ட முழு 230 வோல்ட். மோட்டார் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று ஈரக் கையோடு தொடுவோம், அதுவும் ஈரத் தரையில் வெறுங்காலில் நின்றுகொண்டு. உடம்பின் தடை அப்போது சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே பாய்வது 230 மில்லிஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதைவிடக் குறைவே போதும்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோர் வீட்டிலும் இருக்கும் டெஸ்டருக்குள் ஒரு சிறு நியான் விளக்கும், பெரிய ரெசிஸ்டர் ஒன்றும் இருக்கின்றன. மில்லிஆம்பியரில் ஒரு பங்கு நம் உடல் வழியாகப் போக, விளக்கு எரிகிறது. நமக்கு நேராகப் பார்த்தால் ஃபேஸ் வலது துளையில் இருக்க வேண்டும். இடது துளையில் எரிந்தால் இரண்டும் மாறியிருக்கின்றன. அப்படி மாறினால் சுவிட்ச் நியூட்ரலை மட்டும் வெட்டக்கூடும். அப்போது அணைத்த பிறகும் அயர்ன் பாக்ஸுக்குள் ஃபேஸ் நிற்கும். இரண்டு துளையிலுமே எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். இவ்வளவுதான் டெஸ்டரால் முடியும். எர்த் துளையில் எரியவில்லை என்றால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அங்கே வயரே இல்லாவிட்டாலும் எரியாது.

மூன்று விளக்கு வைத்த பிளக் டெஸ்டரும் இங்கே ஏமாந்துவிடும். துண்டு வயர் போட்ட பாயிண்டில் எர்த்தும் நியூட்ரலும் ஒரே நிலையில் இருப்பதால், "எல்லாம் சரி" என்றே காட்டும்.

எங்கள் எலக்ட்ரீஷியன் வேறு வழி வைத்திருந்தார். துண்டு வயரை எடுப்பதற்கு முன் மெயினைப் போட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். அதே லைனில் இருந்த பக்கத்துப் பாயிண்டில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை ஓடவிட்டார். ஏறக்குறைய 9 ஆம்பியர் ஓடும்போது, நியூட்ரல் வயரின் தடை 0.2 ஓம் இருந்தாலும் அதில் 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக விழும். ஒழுங்கான எர்த் வயரில் கரண்ட் ஓடாது என்பதால், அது இருந்தால் மீட்டர் இந்த வித்தியாசத்தைக் காட்டியே ஆக வேண்டும். எங்கள் பாயிண்டில் முள் 0-வை விட்டு நகரவில்லை. பூஜ்யம் நல்லது என்று நினைத்திருந்த எனக்கு அது புதுப் பாடம்.

அப்போது நான் கேட்டேன், போர்டில் கரண்ட் கசிந்தால் தானே சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று. பலரும் ஈஎல்சிபி என்று சொல்வது இதைத்தான். ஃபேஸும் நியூட்ரலும் ஒரே இரும்பு வளையத்துக்குள் போகின்றன. போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமாக இருந்தால் வளையம் சும்மா இருக்கும். வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லிஆம்பியர் ரகம். அந்த அளவுக்கு வித்தியாசம் வந்தால் அது விழுந்துவிடும், அதாவது சப்ளையைத் துண்டித்துவிடும். நியூட்ரல் அறுந்து, பாடியைத் தொட்டிருந்தால்கூட அது விழுந்திருக்கும், ஷாக் அடித்த பிறகு. ஆனால் துண்டு வயர் இருக்கும்வரை, மோட்டாரில் கசியும் கரண்ட் பாடிக்கு வந்து, எர்த் பின் வழியாக மறுபடி நியூட்ரலுக்கே போய்ச் சேர்கிறது. கணக்கு சமம். அது வாயே திறக்காது. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழத்தான் செய்யும், ஏனென்றால் அந்தப் பட்டன் எர்த் வயரைச் சோதிப்பதில்லை.

துண்டு வயரை எடுத்துவிட்டு, போர்டின் எர்த் பட்டையிலிருந்து பச்சை வயர் இழுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கிரைண்டரைச் செருகி சுவிட்சைப் போட்டோம். டப்பென்று ஆர்சிசிபி விழுந்தது. மறுபடி போட்டால் மறுபடி விழுந்தது. கிரைண்டரைக் கழற்றியதும் அமைதியாக நின்றது. அப்புறம் மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது, மாவுத் தண்ணீர் சொட்டிச் சொட்டி மோட்டார் சுருள் ஊறிப்போயிருந்தது. எத்தனை மாதமாகக் கசிந்ததோ, அதை முதன்முதலாகச் சொன்னது அந்தப் பச்சை வயர்தான்.