அஞ்சடி: காக்கி லீமாவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பினாங்கின் ஜோர்ஜ் டவுனில் லெபு பாசார் என்று பலகை வைத்திருக்கும் தெருவை நம் ஆட்கள் கடைத்தெரு என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன். கடைகளின் முன்னால், மாடிக்குக் கீழே வரிசையாக ஓடும் கூரையுள்ள வழியில், அதாவது அஞ்சடியில், நடந்துகொண்டிருந்தோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கையில் ஊன்றுகோல். ஒரு கடை வாசலில் அரிசி மூட்டைகள், அடுத்த கடையில் எவர்சில்வர் குடங்கள், அதற்கடுத்த தூணோரம் குறுக்கே நிறுத்திய கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிள். அம்மா நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஒரு தம்பி எட்டிப் பார்த்து, "அம்மா, அப்படியே ரோட்டுல இறங்கிப் போய்டுங்கம்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

இறங்குவதென்றால் முக்கால் அடி உயரம். கீழே லோங்காங் என்ற சாக்கடை, அதன்மேல் ஆடும் ஒரு இரும்பு மூடி. அதையும் தாண்டினால் சரக்கு வேன்.

"அஞ்சடி இருக்கும்போது நான் எதுக்குப்பா ரோட்டுல நடக்கணும்?" என்று அம்மா கேட்டார்.

"இது எங்க கடை வாசல்தானேம்மா."

அன்று அம்மாவின் கணுக்கால் பிசகியது. இரண்டு வாரம் எண்ணெய் போட்டு நீவினோம். அந்த இரண்டு வாரமும் இந்த இரண்டு சொற்கள்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே தரையை ஒருவர் அஞ்சடி என்கிறார், இன்னொருவர் வாசல் என்கிறார். ஊரில் இதை வைத்து நடக்கிற சண்டை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மலாயில் இதற்குப் பெயர் காக்கி லீமா. காக்கி என்றால் கால். அடி என்ற நீட்டல் அளவுக்கும் அதே சொல். லீமா என்றால் ஐந்து. மலாய் இலக்கணப்படி ஐந்து அடி நீளம் என்று அளவு சொல்ல வேண்டுமானால் எண் முன்னால் வரும், லீமா காக்கி என்றாகும். எண்ணைப் பின்னால் தள்ளி காக்கி லீமா என்றால் அது அளவாக இல்லாமல் பெயராகிவிடுகிறது. நாம் 'ஐந்து அடி' என்று பிரித்தால் அளவு, 'அஞ்சடி' என்று சேர்த்தால் இடம் என்று வைத்திருப்பது போலத்தான். இந்த காக்கி என்ற சொல் மலாயில் நிறைய வேலை பார்க்கும். குடிகாரரை காக்கி போத்தோல் என்பார்கள், பந்து விளையாடத் தெரியாதவரை காக்கி பங்கு என்பார்கள். பாதசாரிக்கு மலாயில் பெஜாலான் காக்கி, அதாவது காலால் நடப்பவர். ஆக காக்கி லீமாவுக்குள்ளும் பெஜாலான் காக்கிக்குள்ளும் இருப்பது அதே கால்தான்.

பினாங்குச் சீனரின் ஹொக்கியன் பேச்சில் இது கோ கா கி. கோ என்பது ஐந்து. கா என்பது கால். கடைசியில் நிற்கும் கிக்கு அங்கே தனிப்பொருள் இல்லை, மலாய் காக்கியின் ஓசையை அப்படியே இழுத்து வந்ததில் ஒட்டிக்கொண்ட வால் அது. எண்ணை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு மீதியை ஓசையாக வைத்துக்கொண்டார்கள்.

தமிழுக்கு இந்தச் சிரமமே வரவில்லை. அடி என்றால் பாதம், அடி என்றால் அளவு. மாவலியிடம் வாமனன் மூவடி மண் கேட்ட கதையே இந்த இரண்டு பொருளின் மேல்தான் நிற்கிறது. கேட்டபோது அது அளவு, அளந்தபோது அது திருவடி. ஆகவே இங்கே வந்து இறங்கிய தமிழர்கள் யாரையும் கேட்காமல், அகராதி பார்க்காமல் அஞ்சடி என்று சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூரிலும் அதே சொல்தான். ஒரு சொல்லாக்கக் குழு உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இதைவிட நன்றாக அமைந்திருக்காது.

சரி, ஐந்து அடி என்று யார் வைத்தது? பலரும் ராஃபிள்ஸ் பெயரைச் சொல்வார்கள். அவர் 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவிச் செயலாளராகப் பினாங்குக்குத்தான் முதலில் வந்தார். 1822இல் சிங்கப்பூர் நகரை வகுத்தபோது, தெருவின் இருபுறமும் ஒவ்வொரு வீடும் முன்னால் ஒரு வராந்தா விட வேண்டும், அது எந்நேரமும் திறந்த, தொடர்ச்சியான வழியாக இருக்க வேண்டும் என்று உத்தரவு எழுதினார். அந்த உத்தரவில் ஐந்து என்ற எண் கிடையாது, 'குறிப்பிட்ட அளவு' என்றுதான் இருக்கிறது. எண் பின்னால் வந்து பெயரோடு ஒட்டிக்கொண்டது. என்னைப் பொறுத்தவரை எண்ணைவிட 'எந்நேரமும் திறந்த', 'தொடர்ச்சியான' என்ற இரண்டும்தான் முக்கியம். வெயிலும் மழையும் ஒரே நாளில் இரண்டு தரம் மாறி மாறி வரும் ஊரில், தெருவின் ஒரு முனையில் நுழைந்தவர் நனையாமல், வண்டிக்கு ஒதுங்காமல் மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காகக் கட்டியது. கோலாலம்பூரிலும் 1881இன் தீக்கும் வெள்ளத்துக்கும் பிறகு பிரிட்டிஷ் அதிகாரி சுவெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது எழுந்த கடைவீட்டு வரிசைகள் இந்த அமைப்போடுதான் வந்தன.

சண்டையும் கூடவே வந்தது. 1888 பிப்ரவரியில் சிங்கப்பூரில், வராந்தாவை அடைத்திருந்த சாமான்களை எடுக்கச் சொல்லி நகராட்சி கிளம்பியபோது கடைகள் மூடப்பட்டு, கல்லெறியும் கலவரமுமாக ஊர் நின்றது. வராந்தாக் கலவரம் என்றே அதற்குப் பெயர். அப்போது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் ஒரே நீரிணைக் குடியேற்ற ஆட்சியின் கீழ் இருந்தன. நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் வழக்கு தீரவில்லை.

தீராததற்குக் காரணம் நிலத்தில் இருக்கிறது. பழைய கடைவீடுகளில் அந்த ஐந்து அடியும் பெரும்பாலும் கடைக்காரரின் மனைக்குள்தான் வரும். மேலே மாடி அவருடையது, தூண் அவருடையது, தரைக்கு ஓடு பதித்தது அவர் தாத்தா. நடக்கும் உரிமை மட்டும் ஊருடையது. அவர் வாசல் என்று சொல்வதில் பொய் இல்லை. 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் அதில் தடை ஏற்படுத்துவதைக் குற்றம் என்கிறது. மாநகர் மன்ற அமலாக்கப் பிரிவு அவ்வப்போது லாரியோடு வந்து நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போகும், சம்மன் எழுதும். அடுத்த வாரம் நாற்காலிகள் திரும்பி வந்துவிடும்.

இப்போது இதோடு வேறு பல கோரிக்கைகளும் சேர்ந்துகொண்டன. தெருவை வாரக் கடைசியில் கார்களுக்கு மூட வேண்டும் என்கிறார்கள் ஒரு தரப்பார். மூடினால் சரக்கு எப்படி இறக்குவது, வாடிக்கையாளர் எங்கே நிறுத்துவார் என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். சைக்கிளுக்குத் தனித்தடம் வேண்டும் என்று இன்னொரு குரல். தடத்துக்கு இடம் எடுத்தால் மோட்டார் நிறுத்த இடம் போய்விடும், போன மோட்டார் எங்கே ஏறும்? அஞ்சடியில்தான். எவர் எவருக்கு இடம் குறைந்தாலும் கடைசியில் ஊன்றுகோல் வைத்திருக்கும் அம்மா ரோட்டில் இறங்குகிறார். ரோட்டை மூடுவதா திறப்பதா என்ற விவாதத்துக்கு முன்னால் அஞ்சடியைத் திறந்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. ஐந்து அடி என்பது ஒன்றரை மீட்டர். ஒரு கப்சாயின் கைப்பிடி முக்கால் மீட்டர் அகலம் இருக்கும், சாய்த்து நிறுத்தினால் அதைவிட அதிகம். சக்கர நாற்காலிக்கு மிச்சம் என்ன இருக்கிறது? கடைக்குக் கடை தரைமட்டம் வேறு ஏறி இறங்கும். ஒரு கடையில் வழவழப்பான மார்பிள், அடுத்ததில் இரண்டு படி.

கடைக்காரர் மேல் மட்டும் பழி போடவும் எனக்கு மனம் வரவில்லை. அஞ்சடி நம் ஆட்கள் பிழைத்த இடம். பினாங்குத் தெருவில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டிக் கணக்கு எழுதியபோது, வெளியே அஞ்சடியில் முடி திருத்துபவர், பூக்கட்டுபவர், கிளி ஜோசியக்காரர் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தோளில் கம்பு வைத்து இருபுறமும் கூடை தொங்கவிட்டு வந்த தமிழ் முஸ்லிம்கள் கூடையை இறக்கி வைத்துச் சோறு விற்ற இடங்களில் அதுவும் ஒன்று. மலாயில் கண்டார் எனப்படும் அந்தக் கம்பின் பெயரில்தான் நாசி கண்டார் என்ற சோறு இன்றும் வழங்குகிறது. இரவில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை பார்த்த பஞ்சாபியர் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்ததும் அங்கேதான். இந்தோனேசியாவில் இந்தச் சொல்லே வியாபாரியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே காக்கி லீமா என்றாலே தள்ளுவண்டிக் கடைதான் நினைவுக்கு வரும். வியாபாரியின் இரண்டு காலும் வண்டியின் மூன்று காலும் சேர்ந்து ஐந்து என்று அதற்கு மக்கள் ஒரு விளக்கமும் சொல்வார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவர்கள் ஓரமாக ஒரு பாய் அளவு இடத்தில் உட்கார்ந்தார்கள், நடப்பவர் தாண்டிப் போனார். இன்றைக்கு மேசை, குளிர்பதனப் பெட்டி, விளம்பரப் பலகை என்று இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கதையாகிவிட்டது.

இனி தமிழ்ச்சொல்லுக்கு வருகிறேன். அறிவிப்புகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் காக்கி லீமாவுக்கு 'நடைபாதை' என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. நடைபாதை என்பது தெருவோரம் வானம் பார்த்துக் கிடப்பது. தமிழ்நாட்டில் பிளாட்பாரம் என்பார்களே, அது. மலாயில் அதற்கு சியார் காக்கி என்று தனிச்சொல் இருக்கிறது. மலாய்க்காரர் இரண்டாகப் பார்ப்பதை நாம் ஒன்றாக்கினால், கூரையும் போய்விடுகிறது, கட்டடத்துக்குள் இருந்தும் ஊருக்குச் சொந்தமான வழி என்ற அந்த விசேஷமும் போய்விடுகிறது.

வராந்தா என்றால்? போர்ச்சுகீசியர் வழியாகப் பரவிய சொல் என்று பலரும் சொல்கிறார்கள். அது ஒரு வீட்டோடு முடிந்துபோகும், அடுத்த வீட்டுக்குத் தொடராது. தாழ்வாரம் நல்ல சொல். வாரம் என்றால் சரிவு, கூரை தாழ்ந்து சரிந்து வரும் இடம். வடிவம் பொருந்துகிறது, ஆனால் அதில் நடப்பவர் இல்லை. திண்ணை வேண்டவே வேண்டாம். திண்ணை உட்காரும் இடம், வீட்டுக்காரர் மனமிரங்கி வழிப்போக்கருக்குக் கொடுக்கும் இடம். அந்தக் கடைத்தெருக்காரர்கள் மனதில் இருப்பது இந்தத் திண்ணைதான் என்று நினைக்கிறேன். ஊரில் வீட்டு வாசலில் திண்ணை வைத்து வாழ்ந்தவர்களின் பிள்ளைகள், கடை வாசலிலும் அதையே பார்க்கிறார்கள். வாசல், திண்ணை என்று பேசிப் பழகிய நாக்குக்கு, அது தன்னுடையது என்றுதான் தோன்றும்.

நான் தேர்ந்தெடுப்பது 'நடை'. பழைய வீடுகளில் தெருக்கதவுக்கும் முற்றத்துக்கும் நடுவில் இருக்கும் கூரை போட்ட வழிக்கு நடை என்றுதான் பெயர். அங்கே யாரும் சாமான் போட்டுவைக்க மாட்டார்கள். போட்டால் வீட்டுப் பாட்டி "நடையில என்னடா இது" என்று கத்துவார். கோயிலில் நடை திறந்தாச்சா என்று கேட்பதும் இதே சொல்தான். நடத்தல் என்ற செயலும், கூரையுள்ள வழி என்ற இடமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆகவே எழுத்தில் 'ஐந்தடி நடை' என்று எழுதலாம். பேச்சில் அஞ்சடி போதும். அதை மாற்ற யாரும் முயல வேண்டாம், அது நம் தாத்தா பாட்டி நடந்து நடந்து உண்டாக்கிய சொல்.

போன மாதம் அதே கடைக்குத் திரும்பப் போனோம். அரிசி மூட்டைகள் அப்படியே இருந்தன. அம்மா அந்தத் தம்பியிடம், "தம்பி, நடையில வெச்சிருக்கியே, கொஞ்சம் ஒதுக்கி வையேன், கால் இன்னும் நோவுது" என்றார். அவர் ஒரு நிமிடம் அம்மாவின் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, மேல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மோட்டார் அடுத்த கடைக்காரருடையதாம். அதை எடுக்க ஆள் வரும்வரை அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், ரோட்டில் இறங்கவில்லை.